வீட்டுத் தோட்டத்து நத்தைகளைக் கணக்கெடுப்பது எப்படி: கொங்கு வட்டாரத்துக்கான முழு வழிகாட்டி

ஐப்பசியில் மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தால், மறுநாள் விடியலில் பப்பாளித் தூரில், குளியலறைத் தண்ணீர் போகிற வாழைக்கடியில், மதில் சுவரில் என்று பார்த்த இடமெல்லாம் நத்தை ஊர்கிறது. பார்த்ததும் கல்லுப்பை அள்ளிக்கொண்டு வருவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அந்த உப்பில் சாவது எது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. செடியை மொட்டையடிக்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை சாகலாம். காய்ந்த இலையைத் தின்று மக்கச் செய்தபடி காலங்காலமாக இந்த மண்ணிலேயே வாழ்கிற உள்ளூர் நத்தையும் சாகலாம். உப்பு மட்டும் பாத்தியிலேயே தங்கிவிடும்.

எண்ணிக்கையிலும் ஏமாந்துபோகிறோம். ஒரு காலையில் நாற்பது நத்தை. அடுத்த வாரம் ஐந்து. குறைந்துவிட்டது என்று நிம்மதி. உண்மையில் மண் காய்ந்ததும் மீதி முப்பத்தைந்தும் கல்லிடுக்கில் ஓட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். கண்ணில் பட்டதையே தோட்டத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டால் கணக்கு எப்போதும் தப்பும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அளவு தேடலோடு மாதாமாதம் எண்ணினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

முதலில் இனம் பிரிக்கப் பழகுங்கள்

எண்ணத் தொடங்கும் முன் இரண்டு மூன்று ஈர இரவுகளை அடையாளம் கற்பதற்கே ஒதுக்குங்கள். கொங்கு நாட்டு வீட்டுத் தோட்டத்தில் வழக்கமாக எதிர்ப்படுபவை இவை.

ஆப்பிரிக்க ராட்சத நத்தை, அறிவியல் பெயர் லிஸ்ஸகாட்டினா ஃபுலிகா. ஓடு நீண்ட கூம்பு. உயரம் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழுப்பு ஓட்டில் கருஞ்சிவப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக நெளிந்து இறங்கும். வளர்ந்தவை 7 முதல் 10 செ.மீ. இருக்கும்; 20 செ.மீ. வரையும் வளரக்கூடியவை. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தையை 1847ல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாத் தோட்டமொன்றில் விட்டார். நாடு முழுக்கப் பரவியது அதன் பிறகுதான்.

பெரியதைக் கண்டுபிடிக்கக் குழந்தைக்கும் தெரியும். தடுமாற்றம் குஞ்சுகளில்தான். 1 செ.மீ. குஞ்சு உருண்டையாக, மெல்லிய ஓட்டோடு, உள்ளூர் நத்தை மாதிரியே இருக்கும். வாய்ப்பகுதியை மேலே திருப்பிப் பாருங்கள். ஓட்டின் நடுத்தண்டு வாயின் உள்ளோரமாகக் கீழே இறங்கி, கத்தியால் வெட்டியது போலச் சட்டென்று முடிந்தால் அது ஆப்பிரிக்க நத்தை. உள்ளூர்த் தட்டை நத்தைகளில் அந்த வெட்டு இருக்காது. சின்னப் பூதக்கண்ணாடி போதும், இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

கிரிப்டோசோனா பைஸ்ட்ரையாலிஸ் நம் பக்கத்து நத்தை. ஓடு தட்டையான குவிமாடம், உயரத்தைவிட அகலம் அதிகம், அகலம் 3 செ.மீ. அளவு. வெளிர்பழுப்பில் கரும்பட்டை சுற்றி ஓடும். மேக்ரோகிளாமிஸ் இதைவிடச் சிறியது. ஓடு எண்ணெய் பூசியது போல மின்னும், தேன் நிறம், வெளிச்சத்தில் உள்ளுடல் நிழலாடும். தொட்டி மண்ணைக் கொட்டினால் ஊசி போல நீண்ட 1 செ.மீ. நத்தைகள் உதிர்ந்தால் அவை அல்லோபியாஸ் வகை. மரப்பட்டையில் வெயில் காலமெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும் சின்னக் கூம்புகள் ராக்கிஸ் இன மர நத்தைகள். காங்கேயம், தாராபுரம் மாதிரி மேட்டாங்காட்டு ஊர்களில் வேப்ப மரத்தையும் வேலி மரங்களையும் ஒரு சுற்று பாருங்கள்.

ஓடே இல்லாமல், அட்டை போலத் தட்டையாக, கரும்பழுப்பு முதுகில் நடுவே ஒரு வெளிர்கோடு இருந்தால் அது லேவிகாலிஸ் ஆல்டே. ஓடற்ற நத்தைகளில் செண்டுமல்லி நாற்றுக்கு இது பெரிய எதிரி. இதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. தனிக் கட்டம் போட்டு எண்ணுங்கள்.

ஆனைகட்டி, ஆழியாறு, சிறுவாணி அடிவாரத் தோட்டங்களில் வேறு பல இனங்களும் இறங்கி வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 200க்கு மேற்பட்ட தரை நத்தை இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி உலகில் வேறெங்கும் கிடையாது. வலஞ்சுழி நத்தைகளே பெரும்பாலும் பார்க்கிறோம். ஓட்டின் முனை மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கப் பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் இருந்தால் இடஞ்சுழி. அரியோஃபான்டா இனத்தில் அப்படி உண்டு. படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

வயல் நத்தையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குளத்திலும் நெல்வயலிலும் இருக்கும் உருண்டை நத்தைக்கு வாயை மூடும் கெட்டியான மூடி உண்டு. சமையலுக்குப் பிடிப்பது அதை. ஆப்பிரிக்க நத்தைக்கு அப்படி மூடி கிடையாது. வறட்சியில் வாயில் படியும் வெள்ளைச் சவ்வு மூடியல்ல, விரலால் குத்தினால் உடையும். தோட்டத்தில் பிடித்ததை வயல் நத்தை என்று எண்ணி அடுப்பில் ஏற்றாதீர்கள்.

கை, கால், வாய்

எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம் நத்தைகளுக்குள் வளர்கிறது. ஆப்பிரிக்க நத்தையும் ஓடற்ற நத்தையும் அதைச் சுமப்பவை. அது மனித உடலுக்குள் போனால் மூளை உறையில் அழற்சி உண்டாக்கும். ஆகவே ரப்பர் கையுறை அல்லது இடுக்கி இல்லாமல் நத்தையைத் தொடாதீர்கள். கையுறையைக் கழற்றிய பிறகும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி எல்லாவற்றையும் ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவ வேண்டும். குழந்தைகள் எழுதட்டும், டார்ச் பிடிக்கட்டும். நத்தையைக் கையில் எடுக்க வேண்டாம்.

நத்தை வெளியே வரும் அதே ஈர இரவில் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் வெளியே வரும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். சாக்கு, மட்டை, கல், எதையும் முதலில் நீளக் குச்சியால் புரட்டிவிட்டுத்தான் குனிய வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் கூடாது.

சாமான்கள்

தரையில் வைத்து, அதற்குள் அகப்படும் நத்தைகளை மட்டும் எண்ணுவதற்கான சதுரச் சட்டம்தான் முக்கியம். அரை அங்குல பிவிசி பைப்பில் 50 செ.மீ. துண்டு நான்கு, எல்போ நான்கு. பசை போடுமுன் சேர்த்துப் பார்த்து உள்விளிம்பு 50க்கு 50 செ.மீ. இருக்கிறதா என்று டேப்பால் அளங்கள். எல்போவுக்குள் பைப் நுழைவதால் அளவு மாறும், துண்டைச் செதுக்கிச் சரிசெய்யுங்கள். உட்பரப்பு 0.25 சதுர மீட்டர். நான்கு சட்டம் சேர்ந்தால் 1 சதுர மீட்டர். ஒரு பக்கத்தைப் பசை போடாமல் விட்டால் செடித் தண்டைச் சுற்றிப் பூட்டலாம்.

நெற்றி டார்ச், பிளாஸ்டிக் வெர்னியர் அளவுகோல், வெள்ளைத் தட்டு, நான்கு கோணிச்சாக்கு, 2 மி.மீ. சல்லடை, நகப்பாலிஷ், பென்சில், அட்டை போட்ட நோட்டு. பேனா வேண்டாம், மழையில் மை கரையும்.

மழைமானியும் ஒன்று செய்துகொள்ளுங்கள். பக்கங்கள் நேராக இறங்கும், வாய் 10 செ.மீ. விட்டமுள்ள டப்பா ஒன்றைத் திறந்தவெளியில், இடுப்புயரக் கம்பத்தில் கட்டுங்கள். வாய்ப்பரப்பு 78.5 சதுர செ.மீ. ஆகவே 7.85 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. மருந்து ஊசியால் உறிஞ்சி அளந்தால் போதும். ஊர் நிலவரம் பேப்பரில் வரும் என்று விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்து மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாமல் போகும்.

தோட்டத்தை வகை பிரிப்பது

கட்டத்தாளில் வீட்டு மனையை வரையுங்கள். ஒரு சென்ட் என்பது 40.5 சதுர மீட்டர். 5 சென்ட் மனையில் வீடு, கார் நிறுத்துமிடம் போக 2 சென்ட் தோட்டம் இருந்தால் 81 சதுர மீட்டர். அதை ஈரத்தை வைத்து மூன்றாகப் பிரியுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளியல் தண்ணீரும் பாயும் வாழை, சேம்பு, கருணைப் பகுதி ஈரம். தொட்டி வரிசை, மதில் நிழல், குப்பைக்குழி ஓரம் நிழல். முன்வாசல், செம்மண் திடல், வெயில் பாத்தி வறள். ஒவ்வொன்றின் பரப்பையும் தனித்தனியே எழுதுங்கள். பிற்பாடு கணக்குக்கு அதுதான் உயிர்.

சட்டம் வைக்கும் இடத்தைக் கண் தேர்வு செய்யக் கூடாது. கண் நத்தை இருக்கும் இடத்துக்குத்தான் போகும். ஒவ்வொரு பகுதியையும் 1 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி எடுங்கள். 2 சென்ட் தோட்டத்துக்கு மொத்தம் 10 சட்டம்: ஈரத்தில் 3, நிழலில் 4, வறளில் 3. குலுக்கல் ஒருமுறைதான். விழுந்த இடங்களில் ஓட்டுச்சில்லில் எண் எழுதிப் புதைத்துவிட்டு ஆண்டு முழுக்க அதே இடங்களில் எண்ணுங்கள். வறளில் எப்போதும் பூச்சியம்தானே என்று அதை விட்டுவிடாதீர்கள். பூச்சியமும் எண்ணிக்கைதான், எழுதியே ஆக வேண்டும்.

எப்போது எண்ணுவது

மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கும் பூமி இது. கோவைச் சமவெளிக்கு ஆண்டுக்கு 700 மி.மீ. சுற்றித்தான் மழை, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். நத்தையின் நாட்காட்டியும் அதுவே. சித்திரை, வைகாசிக் கோடை மழையில் முதல் விழிப்பு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிச் சாரல் பொள்ளாச்சிக்கும் கோவையின் மேற்குப் பக்கத்துக்கும் எட்டும். ஈரோடு, கரூர்ப் பக்கம் காற்று மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் உச்சம். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை உறக்கம்.

வாய்க்கால் பாசன ஊர்களில் இன்னொரு கணக்கும் உண்டு. கீழ்பவானியில் தண்ணீர் வந்து சில நாளில், மழையே இல்லாமல் கசிவு ஈரத்தால் வீட்டுத் தோட்டத்து நத்தைகள் எழும். காலிங்கராயன் பாசனத்து மஞ்சள், வாழைக் காடுகளுக்கு ஒட்டிய வீடுகளிலும் அப்படித்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதியையும் நின்ற தேதியையும் நோட்டில் குறியுங்கள்.

மாதம் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒருமுறை. நேரம் இரவு 8 முதல் 10. முடியாவிட்டால் விடியல் 5 முதல் 6. எதைத் தேர்ந்தாலும் ஆண்டு முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரவு எண்ணிக்கையும் விடியல் எண்ணிக்கையும் கலக்கக் கூடாது. குறைந்தது 5 மி.மீ. மழை பெய்த நாளின் இரவு சிறந்தது. மழையில்லாத மாதத்தில் மாலை 5 மணிக்கு ஈரப்பகுதிக்கும் நிழல்பகுதிக்கும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் பூவாளியில் தெளியுங்கள். அது 5 மி.மீ. மழைக்குச் சமம். தெளித்துவிட்டு எண்ணியது என்று மறக்காமல் எழுதுங்கள்.

எண்ணும் இரவு

முதலில் நேரத்தேடல், பிறகு சட்டம். மாற்றிச் செய்தால் சட்டம் வைக்க நடக்கும்போதே நத்தைகள் மிதிபடும், சுருண்டுகொள்ளும்.

நேரத்தேடலில் பகுதிக்கு 10 நிமிடம், மொத்தம் 30. மெதுவாக ஒரே திசையில் நடந்து, தரை, தண்டு, இலையின் அடிப்பக்கம், சுவர் என்று நான்கு மட்டத்திலும் வெளிச்சம் அடியுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரை விட்டுவிடாதீர்கள். ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. அது சுவரையே சுரண்டும். மதுக்கரைப் பக்கம் மாதிரி சுண்ணாம்புக்கல் பூமியில் ஓடுகள் கெட்டியாகவே கிடைக்கும். நத்தையை எடுத்து அளக்கும்போது கடிகாரத்தை நிறுத்துங்கள், தேடல் மட்டுமே 10 நிமிடம் ஆக வேண்டும். தேடுகிறவர் மாறினால் எண்ணிக்கையும் மாறும். கண்ணாடி போட்ட தாத்தாவும் பத்து வயசுப் பேத்தியும் ஒரே எண்ணைத் தரமாட்டார்கள். ஆள் பெயரைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள், முடிந்தவரை ஒருவரே தேடட்டும்.

சட்டத்தை எறியாமல் மெல்ல வையுங்கள். உள்ளிருக்கும் இலைச்சருகை விலக்கிப் பாருங்கள். விளிம்பில் ஒன்று கிடந்தால்? ஓட்டின் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் எண்ணுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். எல்லா மாதமும் இதே விதி.

ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியது: இனம், உயிரோடா வெறும் ஓடா, ஓட்டின் நீளம், என்ன தின்கிறது. நீளத்தை முனையிலிருந்து வாயின் அடிவிளிம்பு வரை அளக்க வேண்டும். தட்டை நத்தைக்கு அகலத்தை அளங்கள். வாய் விளிம்பில் அழுத்தினால் இளம் ஓடு நொறுங்கும், வெர்னியரைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள்.

வெறும் ஓடும் செய்தி சொல்லும். நிறம் மங்காமல் பளபளப்பாக இருந்தால் அண்மையில் செத்தது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பழசு. இரண்டையும் தனித்தனியே எண்ணி அப்புறப்படுத்துங்கள், அடுத்த மாதம் அதே ஓட்டை மறுபடி எண்ணாமல் இருக்க. ஓட்டின் பக்கம் பல்லால் கரண்டியிருந்தால் பெருச்சாளி வேலை. கல்லருகே சில்லாக உடைந்து கிடந்தால் செம்போத்தாக இருக்கலாம். செம்போத்து ஆப்பிரிக்க நத்தையைத் தின்னும் பறவை. ஆப்பிரிக்க நத்தையின் வெற்று ஓடு நிமிர்ந்து கிடந்தால் மழைத்தண்ணீர் தேங்கி, டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும். எண்ணி முடித்ததும் நசுக்கிப் புதையுங்கள்.

ஈரச்சாக்குப் பொறி

இரவில் இறங்க முடியாத வீடுகளுக்கு இதுவே வழி, மற்றவர்களுக்குத் துணைக்கணக்கு. நான்கு கோணிச்சாக்குகளைத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டாக மடித்து, மாலை 6 மணிக்கு எண்ணிட்ட நான்கு இடங்களில் விரியுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே அளவு முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ, 100 கிராம் நிறுத்துப் போடுங்கள். காலை 6.30க்குள் புரட்டி எண்ணுங்கள். வெயில் ஏறினால் நத்தை சாக்கை விட்டு மண்ணுக்குள் போய்விடும்.

ஒரு மாதம் பப்பாளி, மறுமாதம் கோஸ் என்று இரை மாற்றினால் கணக்கு கெட்டது. எறும்பு ஏறினால் நத்தை வராது. சாக்கு சோப்பு வாசமடித்தாலும் வராது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்க் கழிவு குவித்து வைக்கிற வீடுகளில் சாக்குக்கு வரவு குறையும். நத்தைக்கு அந்தக் குவியலே நல்ல மறைவிடமாக இருப்பதால், அங்கே குவியலின் ஓரத்தை 1 மீட்டர் நீளத்துக்கு ஒரு சாண் ஆழம் கிளறி எண்ணுங்கள்.

சருகுச் சலிப்பு

5 மி.மீ.க்கும் சிறிய நத்தைகளைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது. ஆண்டுக்கு இருமுறை, ஆடியிலும் மார்கழியிலும், நிழல்பகுதியில் சட்டமில்லாத வேறொரு இடத்தில் 50க்கு 50 செ.மீ. சருகையும் அடியில் 2 செ.மீ. மண்ணையும் அள்ளுங்கள். முதலில் ஈரத்தோடு வெள்ளைத் தட்டில் பரப்பி உயிருள்ளவற்றைப் பொறுக்கி எண்ணி, எடுத்த இடத்திலேயே விடுங்கள். பிறகு மீதியை நிழலில் 3 நாள் உலர்த்தி, வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். காற்றடைத்த வெற்று ஓடுகள் மிதக்கும், மண் தங்கும். மிதந்ததை வலையில் வடித்து, உலர்த்தி, சலித்து வகை பிரிக்கலாம். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் தோட்டத்தில் எத்தனை இனம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது.

முட்டை

ஆப்பிரிக்க நத்தை ஒரே உடலில் ஆணும் பெண்ணுமானது. ஒரு தடவையில் 100 முதல் 400 வரை முட்டையிடும், ஆண்டில் பல தடவை. இணைசேர்ந்த விந்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால், வந்தது ஒற்றை நத்தையாக இருந்தாலும் குடும்பம் பெருகலாம். ஊறவைத்த ஜவ்வரிசி போல, 4 முதல் 5 மி.மீ., மஞ்சள் கலந்த வெள்ளை. தொட்டிகளின் அடியில், எருக்குழி ஓரத்தில், பொதுபொதுத்த மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் கொத்தாக இருக்கும். பல்லி முட்டை இதைவிடப் பெரிசு, சுவரிடுக்கில் ஒன்றிரண்டாகவே ஒட்டியிருக்கும், அதை நசுக்கிவிடாதீர்கள். உள்ளூர் நத்தையும் வெள்ளை முட்டைதான் இடும். எனவே முட்டையை மட்டும் வைத்து இனத்தை முடிவுகட்ட வேண்டாம். பக்கத்தில் எந்த நத்தை இருக்கிறது என்று பாருங்கள்.

கணக்குப் போடுவது

பெரும்பாலோர் இங்கேதான் வழுக்குகிறார்கள். எடுத்துக்காட்டாக 81 சதுர மீட்டர் தோட்டம்: ஈரம் 10, நிழல் 25, வறள் 46. ஈரத்தில் 3 சட்டத்தில் 12 நத்தை, நிழலில் 4 சட்டத்தில் 3, வறளில் 3 சட்டத்தில் பூச்சியம்.

மொத்தமாகப் போட்டால் 10 சட்டம், 2.5 சதுர மீட்டர், 15 நத்தை. சதுர மீட்டருக்கு 6. 81ஆல் பெருக்க 486. இது தப்பு, தோட்டத்தில் எட்டில் ஒரு பங்கே இருக்கும் ஈரப்பகுதிக்குச் சட்டத்தில் பத்தில் மூன்று பங்கு கொடுத்திருக்கிறோம்.

பகுதி பகுதியாகப் போடுங்கள். ஈரம்: 12 ÷ 0.75 = 16; 16 × 10 = 160. நிழல்: 3 ÷ 1 = 3; 3 × 25 = 75. வறள்: 0. மொத்தம் 235. முந்தைய கணக்கில் பாதிதான். இதுவும் அன்றிரவு மேலே வந்தவற்றின் கணக்கு; மண்ணுக்குள் உறங்குபவை இதில் இல்லை.

உள்ளூர் நத்தைக்கு: புள்ளி வைத்து எண்ணுவது

பிடித்த நத்தையின் ஓட்டைத் துணியால் துடைத்து, ஈரம் போனதும் முனைப்பக்கச் சுற்றில் 3 மி.மீ. நகப்பாலிஷ் புள்ளி வையுங்கள். வாய் விளிம்பில் வைக்கக் கூடாது, அங்கேதான் ஓடு வளர்கிறது. உடம்பில் படக் கூடாது. 5 நிமிடம் உலரவிட்டு எடுத்த இடத்திலேயே விடுங்கள். கண்ணைப் பறிக்கும் நிறம் வைத்தால் பறவைக்குக் காட்டிக்கொடுப்பீர்கள், காவியோ பழுப்போ போதும்.

ஒரு வாரம் கழித்து அதே நேரம், அதே தேடல். முதல் இரவில் புள்ளி வைத்தது 36. இரண்டாம் இரவில் பிடித்தது 30, அதில் புள்ளியுள்ளவை 11. மூன்று எண்ணிலும் ஒன்றைக் கூட்டுங்கள்: 37, 31, 12. முதலிரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்து ஒன்றைக் கழிக்க: 37 × 31 ÷ 12 − 1 = 94.6. ஏறக்குறைய 95 நத்தை.

புள்ளி உதிர்ந்துபோனால் புள்ளியுள்ளவை குறைவாகக் கிடைத்து, விடை பொய்யாக ஏறும். ஈர ஓட்டில் வைத்த புள்ளிதான் உதிரும். இடையில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நத்தை ஏறி வந்தாலும் விடை ஏறும். புள்ளியோடு கிடைத்தவை 7க்கும் குறைவாக இருந்தால் அந்த விடையை நம்பாதீர்கள், மூன்றாவது இரவு எண்ணுங்கள்.

ஆப்பிரிக்க நத்தைக்கு: எடுத்து எண்ணுவது

இதைப் பிடித்துத் திரும்ப விடுவது நியாயமில்லை. அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஒரே அளவு தேடி, பிடித்ததையெல்லாம் எடுத்துவிடுங்கள். முதல் இரவு 60, இரண்டாம் இரவு 24. முதல் எண்ணை அதாலேயே பெருக்கி, இரண்டின் வித்தியாசத்தால் வகுக்க: 3600 ÷ 36 = 100. எடுத்தது 84, மிச்சம் 16 என்று அர்த்தம். அந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் மூன்றாம் இரவும் தேட வேண்டும்.

இரண்டாம் இரவு மண் காய்ந்திருந்தால் வெளிவருவது குறைந்து, மிச்சம் ஏதுமில்லை என்று கணக்கு பொய் சொல்லும். அதனால் இரண்டு நாளும் ஒரே அளவு தண்ணீர் தெளியுங்கள். இரண்டாம் எண் முதலெண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ வந்தால் இந்தக் கணக்கே செல்லாது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. பக்கத்துக் காலிமனையையும் சாக்கடை ஓரத்தையும் பாருங்கள்.

அளவுகளையும் பிரித்துப் பாருங்கள்: 2 செ.மீ.க்குக் கீழ், 2 முதல் 5, 5க்கு மேல். சின்னவை ஏராளமாக இருந்தால் உங்கள் தோட்டத்திலேயே பொரிக்கிறது, முட்டையைத் தேடுங்கள். பெரியவை மட்டும் இரண்டு மூன்று இருந்தால் லாரி செம்மண்ணிலோ நாற்றுத் தொட்டியிலோ வாழைக்கன்றிலோ எருவிலோ ஏறி வந்திருக்கலாம். புதிதாக வாங்கிய எதையும் இரண்டு வாரம் சிமெண்டுத் தரையில் தனியே வைத்து, இரவில் பார்த்துவிட்டு மண்ணில் இறக்குங்கள்.

எடுத்த ஆப்பிரிக்க நத்தைகளை 5 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பு கரைத்த மூடி போட்ட வாளியில் ஓர் இரவு போட்டு வையுங்கள். மூடியின் மேல் கல் வையுங்கள், ஏறி வந்துவிடும். செத்தவற்றை வடித்து, கிணற்றுக்கும் செடிக்கும் தள்ளி 2 அடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். உப்புத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றாமல் கழிவறையில் ஊற்றுங்கள். மதிலுக்கு அப்பால் எறிவதும் வாய்க்காலில் கொட்டுவதும் அடுத்த ஊருக்கு அனுப்பி வைக்கிற வேலை. நத்தைக்கொல்லி மருந்தான மெட்டால்டிஹைடு குருணை உள்ளூர் நத்தையையும் கொல்லும், தின்ற நாயையும் கொல்லும். வீட்டுத் தோட்டத்தில் கையால் பொறுக்குவதே போதும்.

நத்தையைத் தின்னும் வேறு நத்தையைக் கொண்டுவந்து விடலாம் என்ற யோசனை எங்காவது கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பசிபிக் தீவுகளில் ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க யூக்லாண்டினா என்ற வேட்டை நத்தையை விட்டார்கள். மூரியா தீவில் 1977ல். அது அங்கிருந்த பார்ட்டுலா மர நத்தை இனங்களைத் தின்று அழித்தது.

நோட்டு

ஒரு இரவுக்கு ஒரு வரி. தேதி, தமிழ் மாதம், தொடங்கிய நேரம், தேடியவர், கடந்த 24 மணி மழை, தண்ணீர் தெளித்ததா, பகுதி, இனம், உயிருள்ளவை, புது ஓடு, பழைய ஓடு, அளவுப் பிரிவு மூன்று, தின்ற செடி. ஐப்பசியை ஐப்பசியோடுதான் ஒப்பிட வேண்டும்; ஐப்பசியை மாசியோடு ஒப்பிட்டால் மழையைத்தான் அளந்திருப்பீர்கள். ஒற்றை இரவுகளை ஒப்பிடாமல் அந்த மாதத்து நான்கு இரவுகளின் சராசரியை எடுங்கள்.

இனம் தெரியாதவற்றை மேலிருந்து, வாய்ப்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று கோணத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றலாம். வீட்டு இருப்பிடத்தை மறைக்கும் வசதி அதில் உண்டு. ஆப்பிரிக்க நத்தை உங்கள் தெருவில் புதிதாகத் தென்பட்டால் தேதி, எண்ணிக்கை, அளவுப் பிரிவோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அக்கம்பக்கத்து நான்கைந்து வீடுகள் ஒரே இரவில், ஒரே முறையில் எண்ணினால் அது எந்த முனையிலிருந்து நுழைகிறது என்பது தெருப் படத்திலேயே தெரிந்துவிடும். பொறுக்கும் வேலையை அந்த முனையில் தொடங்குங்கள்.